நீல ஒளி வடிகட்டும் மூக்குக்கண்ணாடி: கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

மூக்குக்கண்ணாடி வாங்கச் செல்வோரிடம் அண்மைக் காலமாகத் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ப்ளூ கட் போட்டுவிடலாமா?" வாங்குபவர் கணினி முன் பணிபுரிபவராகவோ, கைப்பேசியில் பாடம் படிக்கும் மாணவராகவோ இருந்தால் அந்தக் கேள்வி ஏறக்குறைய அறிவுரையாகவே மாறிவிடுகிறது. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைச் சோர்வடையச் செய்யும், விழித்திரையைக் கெடுக்கும், உறக்கத்தைக் குலைக்கும் என்று கூறப்படுகிறது. இவற்றைத் தடுப்பதாகச் சொல்லப்படும் லென்ஸுக்குச் சாதாரண லென்ஸைவிடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியுள்ளது.

விடையை முதலிலேயே கூறிவிடலாம். திரையைப் பார்ப்பதால் உண்டாகும் கண் சோர்வைப் போக்குவதற்காக இவ்வகை லென்ஸை வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே வாங்கி அணிந்திருப்பவர்களுக்கு அதனால் தீங்கு ஏதும் இல்லை. அதைக் கழற்றிவிட வேண்டிய அவசியமும் இல்லை. கவலைக்குரியது வேறொன்று. கண் எரிச்சலுக்கும் தலைவலிக்கும் உரிய உண்மையான காரணம் கண்டறியப்படாமல், "பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறோம்" என்ற நிறைவில் முறையான கண் பரிசோதனை தள்ளிப்போகிறது. செலவான பணத்தைவிட அந்தத் தாமதமே பெரிய இழப்பு.

திரையில் எவ்வளவு நீல ஒளி உள்ளது?

கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஏறத்தாழ 400 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட பகுதி நமக்கு ஊதாவாகவும் நீலமாகவும் தெரிகிறது. இந்த ஒளியின் மிகப்பெரிய மூலம் சூரியன். திரைகள் தோன்றுவதற்கு முன்பும் மனிதக் கண் நாள்தோறும் நீல ஒளியில்தான் இயங்கி வந்தது. இன்றைய கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வெண்மையான ஒளி பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகளிலிருந்து வருகிறது. நீல ஒளி உமிழும் சிறு சில்லின் மீது மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்றைச் சேர்த்து அந்த வெண்மை உண்டாக்கப்படுகிறது. ஆகவே திரையில் நீல ஒளி இருக்கிறது என்பது உண்மையே. அது எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கோடைக்கால நண்பகலில் திறந்த வெளியில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் என்ற அளவை எட்டக்கூடும். அலுவலக அறைக்குள் அது சில நூறு லக்ஸ் மட்டுமே. பகல் வெளிச்சத்திலிருந்து கண்ணை வந்தடையும் நீல ஒளியுடன் ஒப்பிட்டால், கணினித் திரையிலிருந்து வருவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பிரிட்டன் நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் கணினிகள், கைக்கணினிகள், கைப்பேசிகள் ஆகியவற்றின் ஒளியை அளந்து 2016ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். நீண்ட நேரம் தொடர்ந்து பார்த்தாலும் அவற்றுள் எதுவும் பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை. தெளிந்த நீல வானத்தைப் பார்ப்பதைவிடக் குறைந்த அளவே பதிவாயிற்று.

அப்படியெனில் "நீல ஒளி விழித்திரையை அழிக்கும்" என்ற செய்தி எங்கிருந்து வந்தது? செறிவு மிக்க நீல ஒளியை ஆய்வக விலங்குகளின் கண்ணிலும், கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப்பட்ட செல்களிலும் பாய்ச்சிச் செய்யப்பட்ட சோதனைகளிலிருந்து வந்தது. அச்சோதனைகள் தவறானவை அல்ல. அவற்றில் பயன்பட்ட ஒளியின் அளவுக்கும் கைப்பேசித் திரைக்கும் தொடர்பில்லை என்பதே செய்தி. சூரியனை நேராக உற்றுப் பார்த்தால் விழித்திரை உண்மையாகவே கருகும். சூரிய கிரகணத்தின்போது ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுக்கப்படுவது இதனால்தான். வெல்டிங் சுடரையும் பாதுகாப்பின்றிப் பார்க்கலாகாது. "ப்ளூ கட்" லென்ஸ் இவ்விரண்டிலிருந்தும் காப்பாற்றாது என்பதை அணிந்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைவடையும் நோய்க்கு வயது, பரம்பரை, புகைபிடித்தல் ஆகியன முக்கியக் காரணங்கள். இம்மூன்றில் நம் கையில் இருப்பது புகையிலையை விடுவது ஒன்றுதான்.

ஆய்வுகள் கூறுவது

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டு இந்த லென்ஸ்களைப் பற்றிய விரிவான மதிப்பாய்வை வெளியிட்டது. ஆறு நாடுகளில் நடைபெற்ற 17 ஆய்வுகள் அதில் ஆராயப்பட்டன. கணினியைப் பயன்படுத்துவோரிடம், குறுகிய காலத்தில், நீல ஒளி வடிகட்டும் லென்ஸ் சாதாரண லென்ஸைவிடக் கண் சோர்வைக் குறைக்கவில்லை என்பதே அதன் முடிவு. உறக்கத்தைப் பொறுத்தவரை ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. விழித்திரையைப் பாதுகாக்குமா என்பதை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்றுகூட அவற்றுள் இல்லை. அதாவது, விளம்பரங்களில் மிக உரத்துச் சொல்லப்படும் பலனுக்குத்தான் சான்று ஏதும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. திரையால் கண் சோர்வு அடைவதாகக் கூறிய 120 பேர் இரண்டு மணி நேரம் கணினியில் பணி செய்தனர். சிலருக்கு நீல ஒளி வடிகட்டும் லென்ஸும், சிலருக்குச் சாதாரண லென்ஸும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. கண் சோர்வில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. கொடுக்கும்போதே லென்ஸைப் புகழ்ந்து சொன்னாலும் பலன் மாறவில்லை.

கணினிப் பயன்பாட்டுக்கெனத் தனிக் கண்ணாடி எதையும் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் பெரிய கண்ணாடி விற்பனை நிறுவனம் ஒன்று, திரைகளின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்ற பொருள்பட விளம்பரம் செய்ததற்காக, 2017ஆம் ஆண்டு அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பால் 40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பெற்றது.

கடையில் காட்டப்படும் நீல ஒளிச் சோதனை

"சோதனை செய்து காட்டினார்களே" என்று பலர் கேட்பதுண்டு. பேனா போன்ற சிறு லேசர் விளக்கிலிருந்து நீல ஒளி ஓர் அட்டையின் மீது பாய்ச்சப்படும். அட்டையில் நிறம் மாறும். இடையில் சாதாரண லென்ஸை வைத்தால் ஒளி ஊடுருவும். "ப்ளூ கட்" லென்ஸை வைத்தால் ஒளி நின்றுவிடும். அட்டையும் நிறம் மாறாது. பார்ப்பவருக்கு வேறு சான்று தேவையில்லை எனத் தோன்றும்.

இதில் ஏமாற்று வித்தை ஏதும் இல்லை. லென்ஸ் அந்த ஒளியை உண்மையாகவே தடுக்கிறது. ஆனால் அவ்வகைப் பேனாக்கள் உமிழ்வது பொதுவாக 405 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளி. இந்த லென்ஸ்கள் நன்கு தடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். கைப்பேசியும் கணினியும் உமிழும் நீல ஒளியோ 450 நானோமீட்டரை ஒட்டியே உச்சத்தில் இருக்கிறது. அந்த ஒளியின் பெரும்பகுதியை இதே லென்ஸ் தாராளமாக உள்ளே விடுகிறது. மொத்தத்தில், சந்தையில் உள்ள இவ்வகை லென்ஸ்கள் நீல ஒளியில் 10 முதல் 25 விழுக்காடு வரை மட்டுமே வடிகட்டுகின்றன.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். கைப்பேசியில் வெண்மையான பக்கம் ஒன்றைத் திறந்து, லென்ஸை அதன்மேல் பிடித்துப் பாருங்கள். வெண்மையிலிருந்து நீலம் கணிசமாக நீக்கப்பட்டால் எஞ்சுவது மஞ்சளாகத் தெரிய வேண்டும். பக்கம் ஏறக்குறைய வெண்மையாகவே தெரிந்தால், நீல ஒளி ஏறக்குறைய முழுவதுமாகவே வந்துகொண்டிருக்கிறது. லென்ஸின் மேற்பரப்பில் நீல நிறப் பளபளப்பு தெரிவது பாதுகாப்பின் அளவுகோல் அன்று.

அப்படியானால் கண் ஏன் சோர்கிறது?

சோர்வு கற்பனை அன்று. அதன் காரணம் ஒளியின் நிறத்தில் இல்லை. நாம் பார்க்கும் முறையில் உள்ளது.

இயல்பாக நாம் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்திருக்கும்போது அது 5 முதல் 7 முறையாகக் குறைந்துவிடுகிறது. இமைத்தாலும் பாதியளவே மூடித் திறக்கிறோம். கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் அதற்குள் உலர்ந்து உடைகிறது. எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சற்று நேரம் மங்கித் தெளியும் பார்வை ஆகியன இதனால் வருபவை. கண்ணிலிருந்து நீர் வடிவதும் வறட்சியின் அறிகுறியாக இருக்கலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். உலர்ந்த கண்ணின் உறுத்தலே நீரைச் சுரக்கச் செய்கிறது. முகத்தை நோக்கி வீசும் மின்விசிறியும் குளிர்சாதனக் காற்றும் வறட்சியைக் கூட்டும். ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றங்கள், முடக்குவாதம் போன்ற நோய்கள் ஆகியனவும் கண்ணை வறளச் செய்யக்கூடும்.

இரண்டாவது காரணம், அருகில் உள்ளதைத் தெளிவாகக் காண்பதற்குக் கண்ணினுள் இருக்கும் சிறு தசை இடைவிடாது சுருங்கியிருப்பது. மேசை மீதிருந்து கையைத் தூக்கியபடியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் வலிப்பது போன்றதே இதுவும். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. அதை உணராமலோ, ஒப்புக்கொள்ள மனமில்லாமலோ, கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காலம் கடத்துவோர் ஏராளம். அவர்களுக்கு மாலையில் வரும் தலைவலிக்கு மருந்து, சரியான அளவில் வாசிப்புக் கண்ணாடி. சிறிதளவு சிதறல் பார்வை இருந்து திருத்தப்படாமல் விடப்பட்டாலும் திரைப் பணி கடினமாகும்.

தூரத்திற்கும் அருகிற்கும் ஒரே கண்ணாடியில் பார்ப்பவர்களுக்கு மற்றொரு தொல்லை உண்டு. அவ்வகை லென்ஸில் வாசிப்பதற்கான பகுதி கீழே அமைந்திருப்பதால், கணினியைப் பார்க்க முகவாயை உயர்த்த வேண்டியிருக்கும். அதன் விளைவாகக் கழுத்து வலிக்கும். பழி திரையின் ஒளி மீது விழும். திரையைத் தாழ்த்தி வைப்பதோ, கணினித் தொலைவுக்கெனத் தனிக் கண்ணாடி எழுதி வாங்குவதோ பயன் தரும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை: திரையைக் கைநீட்டும் தொலைவில், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தள்ளி, கண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே வையுங்கள், பார்வை தாழ்ந்திருந்தால் இமை விரிவது குறைந்து கண்ணும் குறைவாக உலரும். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஏதேனும் ஒன்றை 20 விநாடிகள் பாருங்கள். அப்போது கண்ணை முழுமையாக மூடித் திறந்து சில முறை இமையுங்கள். திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்திருக்கட்டும். மின்விசிறி முகத்தில் நேராக வீசாதவாறு இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இவற்றிற்குப் பின்னும் எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பரிந்துரைக்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியமாகிறது. கண் சிவப்புக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. போட்டவுடன் சுகம் தரும். மருத்துவரின் கண்காணிப்பின்றித் தொடர்ந்து பயன்படுத்தினால் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம், கண்புரையும் வரலாம். நீல ஒளியைப் பற்றி அஞ்சும் குடும்பங்கள் அஞ்ச வேண்டியது இதைத்தான்.

உறக்கம் பற்றி

நீல ஒளி குறித்த கூற்றுகளில் ஓரளவு அடிப்படை உள்ளது இதற்கே. விழித்திரையில் உள்ள சில சிறப்பு நரம்புச் செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கு அதிகம் வினைபுரிந்து, "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு அதனால் தாமதமாகிறது. அமெரிக்காவில் 12 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், உறங்குமுன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்கள், அச்சுப் புத்தகம் வாசித்தபோது ஆனதைவிடச் சுமார் 10 நிமிடங்கள் தாமதமாக உறங்கினர்.

ஆனால் கடையில் விற்கப்படும் நிறமற்ற லென்ஸ் 480 நானோமீட்டர் பகுதியைப் பெரிதும் தடுப்பதில்லை. அதற்கு அடர்ந்த ஆரஞ்சு நிறக் கண்ணாடி வேண்டும். மேலும், இரவு பன்னிரண்டு மணிக்கு உறக்கத்தைக் கெடுப்பது ஒளி மட்டும் அன்று. திரையில் ஓடும் காணொளியும் வந்து சேரும் செய்தியுமே மனத்தை விழிக்க வைக்கின்றன. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைப்பேசியை வேறு அறையில் வைப்பது எந்த லென்ஸையும்விட மலிவானது.

குழந்தைகளுக்கு

பிள்ளையின் கண்ணுக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற பெற்றோரின் தவிப்பு இயல்பானது. அந்தத் தவிப்பே இவ்வகை லென்ஸ் விற்பனைக்கு மிக எளிதில் இடம் கொடுக்கிறது. குழந்தைகளிடம் இன்று பெருகிவரும் கிட்டப்பார்வையை நீல ஒளி வடிகட்டி தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. திறந்த வெளியில் செலவிடும் நேரம் தடுக்க உதவும் என்பதற்குச் சான்று உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் விளையாட ஏற்பாடு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அவர்களுள் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அவ்வாறு ஏற்பாடு செய்யப்படாத பள்ளிகளிலோ 39.5 விழுக்காட்டினருக்கு வந்தது. கடும் வெயில் நேரம் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள்.

இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியுள்ளது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும், புத்தகத்தை முகத்தருகே கொண்டுசெல்லும், ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பிள்ளைக்குத் தேவை கண் பரிசோதனை. பள்ளி மாணவர்களுக்குப் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் உள்ளது, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின்

கண்ணின் இயற்கை லென்ஸ் வயதாக ஆக மஞ்சளடைந்து, நீல ஒளியைத் தானே ஓரளவு வடிகட்டுகிறது. கண்புரை அகற்றப்பட்டதும் உலகம் திடீரென்று நீலம் கூடித் தெரிவது இதனால்தான். அதற்கு அஞ்ச வேண்டாம். கண்ணுக்குள் பொருத்தப்படும் லென்ஸிலும் மஞ்சள் சாயம் கொண்ட வகை உண்டு. அது விழித்திரை மையத்தைப் பாதுகாக்கிறதா என 2018ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மதிப்பாய்வு ஆராய்ந்து, தெளிவான சான்று இல்லை என முடிவு செய்தது. அறுவை சிகிச்சை மருத்துவர் தேர்ந்தெடுத்ததை ஏற்றுக்கொள்ளலாம். இதற்கெனத் தனியாகக் கூடுதல் பணம் திரட்ட வேண்டியதில்லை. ஒற்றைத் தலைவலியால் ஒளிக்கூச்சம் உள்ள சிலருக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் நிறக் கண்ணாடி வேறு வகையைச் சேர்ந்தது. அதை நிறுத்த வேண்டாம்.

கடையில் பணத்தை எதற்குச் செலவிடலாம்?

சரியான அளவு, இரு கருமணிகளுக்கும் இடையிலான தூரம் முறையாக அளக்கப்படுதல், மூக்கில் வழுக்காத ஃபிரேம் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் நல்லது. அதுவே புற ஊதாக் கதிர்களையும் தடுத்துவிடும். வெயிலில் அலைபவர்கள், புற ஊதாக் கதிர்களை முழுமையாகத் தடுப்பதாகக் குறிக்கப்பட்ட கூலிங் கிளாஸுக்குச் செலவிடுவது தகும். இரவில் வண்டி ஓட்டுவோருக்கு, லென்ஸில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு ஓரளவு வசதியாக இருக்கும். அந்தப் பூச்சையும் நீல ஒளி வடிகட்டியையும் ஒன்றாகச் சேர்த்தே தருவதாகக் கூறினால், வடிகட்டி இல்லாத வகையின் விலையைக் கேளுங்கள்.

நீரிழிவு நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை கூடிக் குறையும்போது கண்ணாடி அளவே மாறுபடும். சர்க்கரை கட்டுக்குள் வராத நாள்களில் அளவெடுத்து வாங்கிய கண்ணாடி, சில வாரங்களில் பொருந்தாமல் போகலாம். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி எடுக்கும் அளவு, விழித்திரைப் பரிசோதனை ஆகாது. பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கச் செய்து விழித்திரையைப் பார்த்துக்கொள்வது நீரிழிவு உள்ள அனைவருக்கும் அவசியம். குடும்பத்தில் எவருக்கேனும் கண் அழுத்த நோய் இருந்தால் நாற்பது வயது முதல் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்நோய் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைத் தின்னும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

திடீரெனப் பார்வை குறைதல், மின்னல் வெட்டுவது போன்ற ஒளியும் திரளான கரும்புள்ளிகளும் தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதியில் திரை இறங்கியது போன்ற மறைப்பு, நேர்கோடுகள் வளைந்து தெரிதல், கடும் கண்வலியுடன் விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிதல் ஆகியவை திரைச் சோர்வின் அறிகுறிகள் அல்ல. இவற்றுள் எது தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளின் கண் சிகிச்சைப் பிரிவுகளில் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. எங்குச் செல்வது என்ற ஐயம் இருந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம். செல்லும்போது பழைய கண்ணாடியையும், தற்போது பயன்படுத்தும் சொட்டு மருந்துப் புட்டிகளையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் விவரத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.